ஸ்டார்ட் ஆகாத புல்வெட்டி, திணறும் பிரஷ் கட்டர்: அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிப்பது எப்படி

தோட்டக் கருவியின் இன்ஜின் மக்கர் பண்ணினால் எல்லோருக்கும் முதலில் கை போவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குத்தான். திருகு வெளியே தெரிகிறது, ஸ்குரூ டிரைவர் கையில் இருக்கிறது, கொஞ்சம் திருப்பிப் பார்ப்போமே என்று தோன்றும். தயவுசெய்து இப்போதைக்கு அதைத் தொடாதீர்கள். போன வாரம் வரை நன்றாக ஓடிய இன்ஜினில் அந்தத் திருகு தானாக இடம் மாறியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வேறு ஏதோ மாறியிருக்கிறது. அது என்னவென்று தெரியாமல் திருகைத் திருப்பினால் ஒரு கோளாறு இரண்டாகும், அப்புறம் எது எதனால் என்றே பிரித்துப் பார்க்க முடியாது.

யாராவது மெஷினைக் கொண்டுவந்து வைத்தால் ‘என்ன ஆச்சு’ என்பதைவிட ‘எப்போது ஆச்சு’ என்றுதான் நான் அதிகம் கேட்பேன். ஆறிய இன்ஜினிலா, சூடான பிறகா? சும்மா ஓடும்போதா, புல்லில் இறக்கியதுமா? மாதக்கணக்கில் மூலையில் கிடந்து வெளியே எடுத்த அன்றா, கல்லில் அடிபட்ட அன்றா? இதற்குத் தெளிவான பதில் கிடைத்துவிட்டால் ஸ்பேனரை எடுக்கும் முன்பே பாதி வேலை முடிந்துவிடும். கீழே உள்ளதும் அந்த வரிசையில்தான் இருக்கிறது. உங்கள் மெஷினின் அறிகுறி எதுவோ, அங்கே போய்ப் படியுங்கள்.

ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம். பிளேடு அருகே கையை வைக்கும் எந்த வேலைக்கும் முன்னால் ஸ்பார்க் பிளக்கின் மூடியைப் பிடுங்கி, பிளக்கைத் தொடாதபடி தள்ளிக் கட்டிவையுங்கள். பிளேடைக் கையால் சுற்றினாலே இன்ஜின் ஒரு முறை வெடித்துச் சுழலக்கூடும். விரல் போக அந்த ஒரு சுற்று போதும். இன்ஜினை ஓட்டிப் பார்ப்பது எப்போதும் வெளியில்தான். மூடிய அறையில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

எத்தனை முறை இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகவில்லை

சுவிட்ச் ஆன் நிலையில் இருக்கிறதா, பெட்ரோல் டேப் திறந்திருக்கிறதா, டேங்கில் இருப்பது எப்போது ஊற்றிய பெட்ரோல் என்று பாருங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் (ஆயிலைத் தனியாக ஊற்றும் வகை) என்றால் ஆயில் அளவையும் பாருங்கள். ஹோண்டா ஜிஎக்ஸ்160 போன்ற இன்ஜின்கள் பலவற்றில் ஆயில் குறைந்தால் ஸ்பார்க்கையே நிறுத்திவிடும் சென்சார் உண்டு. அரை லிட்டர் சொச்சம் மட்டுமே கொள்ளும் இன்ஜின் அது. கொஞ்சம் குறைந்தாலும், சரிவான தரையில் நின்றாலும், சென்சார் தன் வேலையைச் செய்துவிடும். சமதரையில் வைத்துப் பாருங்கள்.

அதெல்லாம் சரியாக இருந்தால், சோக் (காற்றைக் குறைக்கும் மூடி) போட்டு ஐந்தாறு முறை இழுத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றுங்கள். அதன் முனை ஈரமா, காய்ந்திருக்கிறதா? எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பதை இந்த ஒரு பார்வை சொல்லிவிடும்.

*பிளக் காய்ந்திருந்தால்* பெட்ரோல் வந்து சேரவில்லை. உறுதி செய்துகொள்ள, பிளக் ஓட்டைக்குள் நாலைந்து சொட்டு பெட்ரோல் விடுங்கள். டூ ஸ்ட்ரோக் (பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓடும் வகை) என்றால் ஆயில் கலந்ததைத்தான் விட வேண்டும். பிளக்கை மாட்டி இழுங்கள். இரண்டு விநாடி ஓடிவிட்டு நின்றால் ஸ்பார்க் இருக்கிறது, கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) இருக்கிறது, குறை பெட்ரோல் வரும் பாதையில் மட்டும்தான். டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை ஒவ்வொரு இடமாகக் கழற்றி, எதுவரை வருகிறது என்று பார்த்துக்கொண்டே போங்கள்.

பிரஷ் கட்டர், செயின் சா போன்றவற்றில் கார்புரேட்டருக்கு அடியில் ஒரு ரப்பர் குமிழ் இருக்குமே, அதை அமுக்கினாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். அமுக்கிவிட்டால் மெதுவாக உப்புகிறதா, அல்லது குழிந்தே நிற்கிறதா? டேங்குக்குள் கிடக்கும் ஃபில்டரோ குழாயோ அடைத்திருக்கிறது. எத்தனை முறை அமுக்கினாலும் காற்றுக்குமிழ்கள் ஓயாமல் வருகின்றனவா? குழாயில் எங்கோ விரிசல். பெரும்பாலும் குழாய் டேங்குக்குள் நுழையும் அந்த வளைவில்தான் விரிசல் விடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. குழாயை வெளியே இழுத்து விரலால் மடக்கிப் பாருங்கள்.

*பிளக் சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தால்* ஒன்று, சோக் போட்டே இழுத்து இழுத்து இன்ஜின் மூழ்கிப்போயிருக்கிறது. இல்லை, ஸ்பார்க் வரவில்லை. முதலாவதற்கு மருந்து சுலபம்: பெட்ரோல் டேப்பை மூடி, சோக்கை எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுசாகத் திறந்து, பிளக் இல்லாமலே பத்துப் பன்னிரண்டு முறை இழுங்கள். உள்ளே தேங்கியது வெளியே வந்துவிடும். பிளக்கைத் துடைத்து உலர்த்தி மாட்டி, சோக் இல்லாமல் இழுத்துப் பாருங்கள்.

ஸ்பார்க்கைச் சோதிக்க, பிளக்கை மூடியோடு இணைத்து அதன் உலோகப் பகுதியை இன்ஜின் பாடியில் ஒட்டினாற்போல் வைத்து இழுக்க வேண்டும். பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி வையுங்கள், அங்கிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். பளிச்சென்று நீலமாக, ‘டப் டப்’ என்ற சத்தத்தோடு தாவ வேண்டும். மஞ்சளாக மினுக்கினாலோ எதுவுமே வராவிட்டாலோ முதலில் புதுப் பிளக். அதன் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள். பல சிறிய இன்ஜின்களுக்கு 0.6 முதல் 0.8 மி.மீ. வரை சரியாக இருக்கும், உங்கள் மாடலின் கையேட்டில் உள்ள அளவே இறுதி.

புதுப் பிளக்கிலும் ஸ்பார்க் இல்லை என்றதும் காயில் (ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் கம்பிச் சுருள்) போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதுசு வாங்கிவிடாதீர்கள். காயிலிலிருந்து ஆஃப் சுவிட்சுக்குப் போகும் மெல்லிய வயரைக் காயில் பக்கத்தில் கழற்றிவிட்டு ஒரு முறை சோதியுங்கள். ஸ்பார்க் வந்துவிட்டால் காயிலில் குறையே இல்லை. அந்த வயர் எங்கோ தோல் உரிந்து பாடியைத் தொட்டு எர்த் ஆகிறது, அல்லது சுவிட்ச் உள்ளுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. வயரைக் கழற்றியும் வரவில்லையா? ஃப்ளைவீலில் (இன்ஜினோடு சுழலும் கனமான சக்கரம்) உள்ள காந்தத்தில் துரு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, காந்தத்துக்கும் காயிலுக்கும் நடுவே விசிட்டிங் கார்டு ஒன்றைச் செருகி, காயிலை அதன்மேல் ஒட்டவிட்டு போல்ட்டை இறுக்கி, கார்டை உருவுங்கள். சுமார் 0.3 மி.மீ. இடைவெளி வந்துவிடும். அதற்குப் பிறகும் ஸ்பார்க் இல்லை என்றால்தான் காயிலை மாற்ற வேண்டும்.

எல்லாமே சரியாக இருக்கிறது, ஆனாலும் ஸ்டார்ட் ஆகவில்லை. கயிறு கையைத் திருப்பி இழுக்கிறது

ஒரு புல்வெட்டியோடு நான் இரண்டு நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன். ஸ்பார்க் நீலமாக வருகிறது, பிளக் ஈரமாகிறது, கம்ப்ரஷன் கட்டைவிரலைத் தள்ளுகிறது. இழுத்தால் எப்போதாவது சைலன்ஸரில் ‘பட்’ என்று ஒரு வெடி, அவ்வளவுதான். கார்புரேட்டரை மூன்று முறை கழற்றிக் கழுவினேன். மூன்றாவது முறை மாட்டும்போதுதான் அதைக் கொண்டுவந்தவர் பேச்சுவாக்கில் சொன்னார், புல்லுக்குள் புதைந்திருந்த ஒரு கல்லில் பிளேடு ‘டங்’ என்று அடித்து நின்றதாம். அன்றிலிருந்துதான் இந்தத் தொல்லையாம். முதலிலேயே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

ஃப்ளைவீலைக் கழற்றினேன். கிராங்க் ஷாஃப்ட்டின் (இன்ஜினின் சுழலும் தண்டு) காடியும் ஃப்ளைவீலின் காடியும் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும், நடுவே சாவி எனப்படும் ஒரு சின்ன உலோகத் துண்டு உட்கார்ந்திருக்கும். அந்தச் சாவி நடுவில் படி வைத்தாற்போல் வெட்டுப்பட்டிருந்தது. நகர்ந்த தூரம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பிளேடு கல்லில் பட்டதும் ஷாஃப்ட் சட்டென்று நின்றுவிடுகிறது, கனமான ஃப்ளைவீல் நிற்காமல் தன் வேகத்தில் சுழலப் பார்க்கிறது, இரண்டுக்கும் நடுவே இருக்கும் சாவி நசுங்குகிறது. காந்தம் இடம் மாறியதும் ஸ்பார்க் வரும் நேரமும் மாறிவிடுகிறது. ஸ்பார்க் வருகிறது, வர வேண்டிய நேரத்தில் வருவதில்லை. புதுச் சாவி போட்டதும் முதல் இழுப்பிலேயே ஓடியது.

ஃப்ளைவீலைச் சுத்தியலால் ஓங்கி அடித்துக் கழற்றாதீர்கள், புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டுக் கழற்றுங்கள். மாட்டும்போது நட்டைக் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். ஃப்ளைவீலை உண்மையில் பிடித்து நிறுத்துவது ஷாஃப்ட்டின் கூம்பு முனையில் உள்ள இறுக்கம்தான், சாவி வெறும் இடம்காட்டி. நட்டு தளர்ந்திருந்தால் கல்லே படாமலும் சாவி வெட்டுப்படும்.

தள்ளிக்கொண்டு போகும் புல்வெட்டியில் இன்னொன்றும் உண்டு. பிளேடு போல்ட் தளர்ந்திருந்தாலும் கயிறு கையைப் பிடுங்கும். அங்கே பிளேடின் கனமும் ஃப்ளைவீலோடு சேர்ந்துதான் இன்ஜினைச் சுழற்றுகிறது. ஃப்ளைவீலில் கை வைக்கும் முன் அதைப் பாருங்கள்.

சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் நின்றுவிடுகிறது; அல்லது ரேஸ் (இன்ஜின் வேகம்) ஏறி ஏறி இறங்குகிறது

சோக் என்பது காற்றைக் குறைத்து பெட்ரோலின் விகிதத்தைக் கூட்டுவது. சோக்கோடு ஓடி, அது இல்லாமல் நிற்கிறது என்றால் பெட்ரோல் போதவில்லை, அல்லது கணக்கில் வராத காற்று எங்கிருந்தோ நுழைகிறது. மாதக்கணக்கில் நிறுத்திவைத்து எடுத்த மெஷினா? கிட்டத்தட்ட உறுதியாக ஜெட் (பெட்ரோல் வரும் நுண்துளை கொண்ட பித்தளைத் துண்டு) அடைப்புதான். பெட்ரோலின் லேசான பகுதி ஆவியாகி, மிச்சம் வார்னிஷ் போலப் படிந்துவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலிருந்து ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும், அது அலுமினியத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கும்.

இந்த வேலையை நிதானமாகச் செய்ய வேண்டும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றுங்கள். கிண்ணத்தின் அடியில் தேன்நிறத்தில் பிசுபிசுப்பு, பச்சைப் பாசி போன்ற படிவு, நீர்க்குமிழ், இதில் எது இருந்தாலும் சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். நடுத்தூணுக்குள் இருப்பது மெயின் ஜெட், பித்தளை. காடிக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்குரூ டிரைவரால் மட்டும் கழற்றுங்கள். சிறிய முனையைப் போட்டால் வாய் சிதைந்து அங்கேயே மாட்டிக்கொள்ளும். அதற்கு மேலே பக்கவாட்டில் ஓட்டைகள் போட்ட ஒரு குழல் இருக்கும், அதையும் கீழே தட்டி எடுங்கள். அந்த ஓட்டைகளும் அடைபடும்.

ஐடில், அதாவது சும்மா ஓடும் வேகத்துக்கான ஜெட்டைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஜிஎக்ஸ்160-ல் அது கார்புரேட்டரின் மேல்பக்கம், ஐடில் வேகத் திருகுக்கு அடியில், கறுப்பு பிளாஸ்டிக் தலையோடு இருக்கும். அதன் துளை தலைமுடி அளவுதான். ரேஸ் ஏறி இறங்கும் கோளாறில் பெரும்பாலும் குற்றவாளி இதுதான். ஜெட்டை விரல்களுக்கு நடுவே பிடித்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். துளை முழு வட்டமாக, ஓரம் கூர்மையாகத் தெரிய வேண்டும். பிறை போலத் தெரிந்தால் இன்னும் அழுக்கு இருக்கிறது. பல இழை மின்வயரை உரித்து அதிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை எடுத்து நுழைத்து இழுங்கள். ஊசி, குண்டூசி, டிரில் பிட் எதுவும் வேண்டாம். பித்தளையில் ஒரு கீறல் விழுந்தாலே துளையின் அளவு மாறிவிடும், அப்புறம் எந்தத் திருகாலும் அதைச் சரிக்கட்ட முடியாது.

ஜெட்களைக் கழற்றிய பிறகு கார்புரேட்டரின் ஒவ்வொரு துளையிலும் கிளீனரை அடித்து, அது எந்த வழியாக வெளியே வருகிறது என்று பாருங்கள். எங்கிருந்தும் வராவிட்டால் அந்தப் பாதை அடைப்பு. கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், எதிர்பாராத ஓட்டையிலிருந்து நேராகக் கண்ணுக்குத்தான் பீய்ச்சும். திரும்ப மாட்டும்போது பேக்கிங்குகள் கழற்றிய அதே வரிசையில், அதே பக்கம் பார்த்து உட்கார வேண்டும்.

ஜெட் சுத்தமாக இருந்தும் ரேஸ் ஏறி இறங்கினால் கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள பேக்கிங் கிழிந்திருக்கலாம், அல்லது போல்ட் தளர்ந்திருக்கலாம். டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) வகை கார்புரேட்டரில் ஜெட்டைவிட டயாஃப்ரம்தான் அதிகம் வம்பு செய்யும். எடுத்து விரலால் தொட்டுப் பாருங்கள், மெல்லிய துணி போலத் தொய்ய வேண்டும். விறைத்து மொறுமொறுவென்று சத்தம் போட்டால் கிட் வாங்கி மாற்றிவிடுங்கள், கழுவிப் பயன் இல்லை.

பத்துப் பதினைந்து நிமிஷம் நன்றாக ஓடி, பிறகு நின்றுவிடுகிறது

நின்றதும் உடனே டேங்க் மூடியைத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால், திறந்தபின் மறுபடி ஸ்டார்ட் ஆனால், மூடியில் உள்ள காற்றுத்துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வராமல் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் இறங்குவது நின்றுபோகிறது. துளையைச் சுத்தம் செய்தால் போதும். இதற்காகக் கார்புரேட்டரையே மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சத்தம் வரவில்லையா? இன்ஜின் ஆறும் முன்பே ஸ்பார்க்கைச் சோதியுங்கள். சூட்டில் ஸ்பார்க் இல்லாமல், அரை மணி நேரம் கழித்து வந்தால் காயில்தான். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிச் சுற்று சூட்டில் விரிந்து தொடர்பு விட்டுப்போகிறது, ஆறினால் சேர்ந்துகொள்கிறது. ஆறிய பிறகு சோதித்தால் நல்ல காயில் மாதிரியே நடிக்கும், அதனால்தான் இந்த அவசரம்.

ஸ்பார்க்கும் இருக்கிறது, ஆனால் சூட்டில் மட்டும் கிளம்ப மறுக்கிறது என்றால் ஃபோர் ஸ்ட்ரோக்கில் டேப்பெட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பகுதிக்கும் நடுவே உள்ளதைப் பாருங்கள். இடைவெளி குறைந்துபோனால் சூட்டில் வால்வு முழுசாக மூடாது, கம்ப்ரஷன் கசியும். ஜிஎக்ஸ்160-க்கு இன்டேக் 0.15, எக்ஸாஸ்ட் 0.20 மி.மீ., இன்ஜின் நன்றாக ஆறியபின் வைக்க வேண்டும். கூடவே மேல்மூடியைக் கழற்றி சிலிண்டரின் சிறகுகளுக்கு இடையே பாருங்கள். காய்ந்த புல் அடைத்திருந்தால் காற்று போகாமல் இன்ஜின் வேகும்.

சும்மா நன்றாக ஓடுகிறது, வேலையில் இறக்கினால் திணறுகிறது

ஏர் ஃபில்டரைக் கழற்றி ஒரு நிமிஷம் மட்டும் ஓட்டிப் பாருங்கள், சுத்தமான இடத்தில். வித்தியாசம் தெரிந்தால் கழுவவோ மாற்றவோ வேண்டும். பிளேடு மழுங்கியிருந்தாலும் இதே அறிகுறிதான், அதை முதலில் தீட்டுங்கள்.

டூ ஸ்ட்ரோக்கில் சைலன்ஸர் வாயில் தீப்பொறி தடுக்கும் சின்ன வலை ஒன்று இருக்கும். அது கரியால் மூடிப்போனால் இன்ஜினுக்கு மூச்சு விட முடியாது. கழற்றி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து மாட்டுங்கள், வலை இல்லாமல் ஓட்டாதீர்கள், காய்ந்த புல் தீப்பிடிக்கும். சைலன்ஸரைக் கழற்றியதுமே எக்ஸாஸ்ட் வாயையும் பார்த்துவிடலாம். கரி இருந்தால் பிஸ்டனை மேலே கொண்டுவந்து வாயை மூடி, மரக்குச்சியால் சுரண்டுங்கள். பிஸ்டன் பக்கச் சுவரில் நெட்டுக்குத்தாகக் கோடுகள் தெரிந்தால் ஆயில் போதாமல் உரசியிருக்கிறது. அதற்கு மேல் கார்புரேட்டரில் என்ன செய்தும் பலன் இல்லை.

கம்ப்ரஷனை ஓரளவு பார்க்க ஒரு பழைய வழி: செயின் சாவைக் கயிற்றின் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். நின்று நின்று இறங்கினால் பரவாயில்லை. சர்ரென்று தரைக்கு வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஸ்டார்ட் செய்ய வசதியாக கம்ப்ரஷனைக் கொஞ்சம் விட்டுவிடும் அமைப்பு இருப்பதால் இந்தச் சோதனை ஏமாற்றும். ஃப்ளைவீலைக் கையால் பின்பக்கமாகச் சுற்றிப் பாருங்கள், ஓரிடத்தில் எதிர்த்துத் துள்ள வேண்டும்.

புகை

கறுப்புப் புகை: பெட்ரோல் அதிகம். சோக் முழுசாகத் திறக்கவில்லை, அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு.

நீலப் புகை: ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயில் எரிகிறது. மெஷினைச் சாய்த்துச் சுத்தம் செய்த பிறகு வந்தால் பயப்பட வேண்டாம், சில நிமிஷத்தில் நின்றுவிடும். அடுத்த முறை கார்புரேட்டர் மேலே இருக்கும்படி சாய்த்துவையுங்கள். ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலும் புகையும். இரண்டும் இல்லாமல் எப்போதும் புகைந்தால் ரிங்கோ வால்வோ தேய்ந்திருக்கிறது.

இதோடு ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். ஆயில் குச்சியில் அளவு தானாக ஏறியிருக்கிறதா, முகர்ந்தால் பெட்ரோல் வாடை வருகிறதா? கார்புரேட்டர் கிண்ணத்துக்குப் பெட்ரோல் வருவதை நிறுத்தும் மிதவையின் ஊசி வால்வு மூடாமல், நிறுத்திவைத்த நேரத்தில் பெட்ரோல் கசிந்து ஆயிலில் கலந்திருக்கிறது. அந்த ஆயிலோடு ஒரு நிமிஷம்கூட ஓட்டாதீர்கள், பேரிங் போய்விடும். ஊசியை மாற்றி, ஆயிலையும் மாற்றி, இனி நிறுத்தும்போதெல்லாம் டேப்பை மூடுங்கள்.

ஐடிலிலேயே பிரஷ் கட்டரின் வெட்டும் தலை சுற்றுகிறது

ஐடில் வேகம் கூடியிருக்கிறது, அல்லது கிளட்ச் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது. வேகத்தைக் குறைத்தும் நிற்காவிட்டால் கிளட்ச்தான். இதைச் சரிசெய்யாமல் வேலைக்கு எடுக்காதீர்கள், கால் இருக்கும் உயரத்தில் சுழலும் பிளேடு அது.

இப்போது திருகு

மேலே சொன்ன எல்லாம் சரியான பிறகுதான் டியூனிங். ஏர் ஃபில்டர் சுத்தமாக, பெட்ரோல் புதிதாக, ஆயில் கலவை சரியாக இருக்க வேண்டும். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி., 25-க்கு 1 என்றால் 40. கண்ணளவில் ஊற்றாதீர்கள், கலவை மாறினால் டியூனிங்கும் மாறும்.

டூ ஸ்ட்ரோக் டயாஃப்ரம் கார்புரேட்டரில் பொதுவாக மூன்று திருகுகள்: குறைந்த வேகத்துக்கு ஒன்று, முழு வேகத்துக்கு ஒன்று, ஐடிலுக்கு ஒன்று. முதல் இரண்டையும் வலப்பக்கம் திருப்பினால் பெட்ரோல் குறையும். இப்போது எந்த நிலையில் இருக்கின்றன என்று எண்ணி எழுதிவைத்துக்கொண்டு, லேசாக உட்காரும் வரை மூடி, ஒரு சுற்றுத் திறந்து ஆரம்பியுங்கள். அழுத்தி மூடினால் ஊசிமுனை கெட்டுவிடும்.

இன்ஜினைச் சூடாக்கி, குறைந்த வேகத் திருகை மெல்லத் திருப்பி ஐடில் அதிகமாகும் இடத்தைப் பிடியுங்கள். அங்கிருந்து கால் சுற்றுக்கும் குறைவாகத் திறந்துவையுங்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் தயங்காமல் எடுக்க வேண்டும். தயங்கினால் இன்னும் கொஞ்சம் திறக்கலாம். அதன்பின் ஐடிலை, வெட்டும் தலை சுற்றாத வேகத்துக்கு வையுங்கள்.

முழு வேகத் திருகில் அவசரம் கூடாது. டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது. பெட்ரோலைக் குறைத்தால் ஆயிலும் குறையும், சூடும் ஏறும். கூர்மையாகக் கிறீச்சிடும் சத்தம் கேட்க வலுவாகத்தான் இருக்கும், சில நிமிஷத்தில் இன்ஜின் சீஸ் ஆகி இறுகி நின்றுவிடும். சுமை இல்லாமல் முழு வேகத்தில் லேசாகத் தடுமாறி ‘பர்ர்’ என்ற கரகரப்பு இருக்க வேண்டும். வெட்டத் தொடங்கியதும் அந்தக் கரகரப்பு மறைந்து சத்தம் சீராக வேண்டும். காது பழகும் வரை டேக்கோமீட்டர் வைத்து, கையேட்டில் உள்ள உச்ச வேகத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் ஸ்பிரிங்கை இழுத்து வேகத்தைக் கூட்டும் பழக்கம் சிலருக்கு உண்டு. செய்யவே கூடாது. பிளேடு முனையின் வேகம் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இன்ஜினின் உச்ச வேகமும் அதற்கேற்றபடி கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. அதைத் தாண்டினால் பிளேடு உடைந்து பறக்கலாம், கனெக்டிங் ராடும் முறியலாம்.

பத்து நிமிஷம் நிஜமான வேலையில் ஓட்டிவிட்டு, வேகத்தைக் குறைக்காமல் சுவிட்சை ஆஃப் செய்யுங்கள். ஆறவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் முனை இளம்பழுப்பாக இருந்தால் கலவை சரி. சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் முழு வேகத் திருகை எட்டில் ஒரு பங்கு சுற்றுத் திறங்கள். கரியாக இருந்தால் அதே அளவு மூடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு திருகுதான், ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும். மறுநாள் காலை ஆறிய இன்ஜினை இழுத்துப் பாருங்கள். மூன்று நான்கு இழுப்புக்குள் பிடித்துக்கொண்டால், திருகுகளின் தலையிலும் பக்கத்திலுள்ள உலோகத்திலும் ஒரு பெயிண்ட் கோடு இழுத்துவிடுங்கள். அடுத்த முறை யாராவது திருப்பிவிட்டால் எங்கே கொண்டுவர வேண்டும் என்பது தெரிந்துவிடும்.